ஒரு பூட்டு, இரண்டு ஷிப்ட்

எங்கள் வீட்டுச் சாவிக்கு 2007-ல் ஒரே இடம்தான். வாசலில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆணி. வேலைக்குக் கிளம்புகிறவர் பூட்டிவிட்டு அதில் மாட்ட வேண்டும். வேலை முடிந்து வருகிறவர் எடுத்துத் திறக்க வேண்டும். கல்யாணமான முதல் மாதத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த விஷயம் அது ஒன்றுதான். மற்றதைப் பேச நேரம் வாய்க்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் லைன் வீடு. ஒரு கூடம், ஓரமாகச் சமையல் மேடை, பின்னால் ஆறு வீட்டுக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறை. அவர் கார் உதிரிபாகக் கம்பெனியில். நான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஒரு நாள் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். செகண்ட் ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றேகாலுக்கு வந்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கை விட்டுத் துழாவுகிறேன், ஆணிதான் தட்டுப்படுகிறது. வீட்டுக்காரம்மா எழுந்து வந்து, "என் வீட்ல படுத்துக்கோ கண்ணு, காலைல வந்து முழிப்பான் பாரு" என்று பாய் போட்டுக் கொடுத்தார்.

காலை ஆறே முக்காலுக்கு அவர் வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்த பிறகுதான் கை பாக்கெட்டுக்குப் போனது. அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை. திட்டலாம் என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் அவர் தூங்க வேண்டும், நான் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடம் நிரப்ப வேண்டும். சண்டை போடவும் நேரம் வேண்டும் அல்லவா?

என் மாமியாருக்கு இது புரியவே இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் வாழ்ந்தவர் அவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. தறியில் மாமனார் உட்கார, கரைக்கு நாடா விட மாமியார் பக்கத்தில் உட்காருவார். "ஒரு சேலை முடியிற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் இருக்கணும். கோவிச்சுக்கிட்டாலும் எழுந்து போக முடியாது. நீங்க என்னடான்னா ஒரே வூட்ல இருந்துகிட்டு லெட்டர் எழுதிக்கிறீங்க" என்பார்.

லெட்டர் என்று அவர் சொன்னது சமையல் மேடைக்கு மேலே சுவரில் நாங்கள் சாக்பீஸால் எழுதியதை. "குழம்பு இருக்கு, சுட வைக்கவும்." "கேஸ் புக் பண்ணியாச்சு." "அம்மா வந்துட்டுப் போனாங்க." முதல் வருஷக் குடும்பம் பெரும்பாலும் அந்தச் சுவரில்தான் நடந்தது.

ராமானுஜர் பிறந்த ஊர் என்றும், 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி உயிரிழந்த இடம் என்றும் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூருக்கு மூன்றாவது அடையாளம் வந்துகொண்டிருந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வந்தது. 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகுதான் ஊர்ப்பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு விடியற்காலை ரோட்டோரம் நிற்கிற காட்சி இந்தப் பக்கத்துக்குப் பழகியது. பெண்கள் இரவில் ஆலை வேலை செய்ய 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் தடை இருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் மேல்தான் எங்கள் மூன்று ஷிப்ட் வாழ்க்கை நின்றது.

உலகத்துக்கெல்லாம் செல்போன் செய்து அனுப்பிய ஊரில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு போன். அது அவரிடம் இருக்கும். நான் பேச வேண்டுமென்றால் ஒரு ரூபாய் காயின் பூத்.

எனக்கு வேலை நீடிக்கவில்லை. தாலி ஏறிய ஆறாவது மாதம் கான்ட்ராக்ட் முடிந்தது. கூட வேலை பார்த்த கல்யாணமாகாத பெண்களுக்கு நீட்டித்தார்கள், எனக்கு இல்லை. "இனிமே லீவு லீவுன்னு வருவே" என்று ஒரே வரியில் சொன்னார் சூப்பர்வைசர். அதில் தவறு இருக்கிறது என்றுகூட எனக்கு அன்று தோன்றவில்லை. கல்யாணம் என்றால் வேலை போகும், அதுதான் வழக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சுவரில் எழுதினேன்: "நாளையிலிருந்து சாவி என்கிட்ட."

இன்று என் அக்கா மகள் குடித்தனம் நடத்துவது ஒரகடம் பக்கம், மாடி வீட்டில். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்கு மோட்டார். நான் வந்தபோது சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் ஒரகடம் ஒரு சின்ன கூட்டுரோடு. பிறகு 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் பாரத்பென்ஸ், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. வல்லம் வடகால், மாத்தூர், பண்ருட்டி என்று அக்கம்பக்கத்துக் கிராமப் பெயர்கள் கம்பெனி பஸ் போர்டில் ஏறின.

அவளும் அவள் கணவனும் ஆளுக்கொரு சாவி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு போன். எங்கள் காலத்தில் கணவர் பெயரைச் சொல்ல நாக்கு எழாது, "என்னங்க" என்றுதான் கூப்பிடுவோம். இவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், "நீ சாப்ட்டியா?" என்று கேட்கிறாள். அவன் துணி காயப்போடுகிறான், வெங்காயம் நறுக்குகிறான், நைட் ஷிப்ட் முடித்து வந்து இவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறான். என் கணவர் நல்லவர்தான், ஆனால் அடுப்படிப் பக்கம் வந்ததில்லை. இந்த மாற்றத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அவர்கள் வீட்டுத் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தபோது மனசு கனத்தது. மாதம் முழுக்கக் கட்டம் போட்டு, அவளுக்குச் சிவப்புப் பேனா, அவனுக்கு நீலம். ஏ, பி, சி. அவள் 'ஏ' என்றால் விடியற்காலை நாலே முக்காலுக்கு பஸ், மதியம் மூன்று மணிக்கு வீடு. அந்த வாரம் அவன் 'பி' என்றால் மதியம் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுவான், இரவு பதினொன்றரைக்கு வருவான். அவள் ஒன்பதரைக்கே படுத்தாக வேண்டும். ஆறு நாள் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தும் இருவரும் விழித்திருந்து பேசுவதற்கு அரை மணி கிடையாது. இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு வருகிற நாளுக்கு மட்டும் பச்சை வட்டம். அந்த மாதம் இரண்டு வட்டம் இருந்தது.

சாக்பீஸ் எழுதிய சுவர் இருந்த இடத்தில் இப்போது வாட்ஸ்அப் வாய்ஸ். அதுவும் உடனே போய்ச் சேராது. பல ஆலைகளில் போனை லைனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துவிட்டுப் போனால் ஷிப்ட் முடிந்துதான் கையில் வரும். காலையில் அவன் "மாவு எங்க இருக்கு?" என்று கேட்டதை அவள் மத்தியானம் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்பாள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஆசையாக இட்லி மாவு வாங்கி வைத்தார்கள். திங்கட்கிழமை ஷிப்ட் மாறியது. இருவரும் அவரவர் கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வியாழக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால் மாவு புளித்துப் பொங்கி, பாக்கெட் வாய் பிளந்து, கீழ்த்தட்டு வரை வழிந்து காய்ந்திருக்கிறது. "ரெண்டு பேர் இருக்கிற வீடு சித்தி, நாலு நாளா அடுப்பு பத்தல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

எங்கள் காலத்தில் வெளியே போவது என்றால் குடும்பமே போவது. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு டவுன் பஸ். ஏழடி உயரத்தில் நிற்கிற அந்த முருகனைப் பார்க்கும்போதெல்லாம் என் மாமியார் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். ஒருமுறை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள் என்று ஏழு பேர் போனோம். புளியோதரைத் தூக்கை பஸ் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அன்று மதியம் ஏழு பேருக்கும் வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும்தான். பத்து வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூட இருந்து பார்த்தவர்கள் ஏழு பேர் இருந்ததால்தான் அது கதையாக நிலைத்தது.

இவர்கள் பச்சை வட்டம் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போகிறார்கள், இல்லாவிட்டால் சினிமா. சி ஷிப்ட் முடித்த கையோடு ஒருநாள் அவன் படத்துக்கு அழைத்துப் போனான். பத்தாவது நிமிஷம் இவள் தோளில் சாய்ந்து தூங்கியவன் படம் முடிந்து லைட் போட்ட பிறகுதான் எழுந்தான். "எழுப்பியிருக்கலாமே" என்றேன். "எனக்குப் படம் பாக்கணும்னா இல்ல சித்தி. அவன் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நம் வழக்கம். எனக்கு அந்த ஒரு மாதப் பிரிவு பெரிதாகத் தெரிந்தது. இவளுக்கு லீவு கிடைக்காததால் அக்காவே ஆடிச் சீரைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் வந்தாள். வந்து ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஆடிக்கு என்னாத்த பிரிக்கிறது? இதுங்க வருஷம் பூரா பிரிஞ்சுதான் கெடக்குதுங்க."

ஆனாலும் அவளுக்கு வேலை இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்னை அனுப்பியது போல அவளை அனுப்பவில்லை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து ஊதியத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. என் காலத்தில் 12 வாரம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் பழைய வழக்கம் முழுசாகச் சாகவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்தார்கள் என்றது அது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமானவர்கள் என்று நிறுவனத் தரப்பில் விளக்கம் சொன்னதாகவும் செய்தி வந்தது. அந்த நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நடந்தது விதி இல்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே வேலைக்கு எடுப்பதில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்றது என்பதெல்லாம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். 2021 டிசம்பரில் அதே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதை நினைத்துப் பார்த்தால் இந்த வளாகம் எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று தெரியும். வீட்டை விட்டு முதல்முறையாக வருகிற பெண்ணுக்குப் பத்திரமான கட்டில் வேண்டும். அதை மனசார வரவேற்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நாளை கல்யாணம் ஆனால்? அங்கேதான் இந்த ஆலைச் சாலை கையை விரிக்கிறது. தனிப்பெண்ணுக்கு இங்கே விடுதி இருக்கிறது. தனிப்பையனுக்கு மேன்ஷனும் ஷேரிங் ரூமும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து கணவன் மனைவியாக வந்து நின்றால் அட்வான்ஸ், வாடகை, ஷிப்ட் எல்லாம் அவர்கள் பாடு. பதினெட்டாயிரம் கட்டில் போட முடிந்தவர்களால், கொஞ்சம் சம்பளத்தில் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்குச் சில நூறு சிறு வீடுகளும் கட்ட முடியும். ஒரே கம்பெனியில் வேலை செய்யும் தம்பதி கேட்டால் மாதத்தில் இரண்டு வாரமாவது ஒரே ஷிப்ட் போட்டுக் கொடுக்க முடியும். வேறு வேறு கம்பெனி என்றால், இருவருக்கும் பொதுவாக ஒரு வார லீவு நாளாவது கொடுக்க முடியும். குழந்தைக் காப்பகம் ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்க முடியும். இதெல்லாம் பெரிய கோரிக்கை இல்லை. கோர்வைத் தறியில் என் மாமனார் மாமியாருக்குக் கேட்காமலே கிடைத்ததைத்தான் கேட்கிறேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற நேரம்.

போன வாரம் அவர்கள் வீட்டில் தங்கினேன். அவனுக்கு நைட் ஷிப்ட், அவளுக்கு ஜெனரல். காலையில் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். ஆறே முக்காலுக்கு அவன் பஸ் வந்து நின்றது. சிவந்த கண்ணோடு இறங்கினான். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு டீ, ஒரு பால், நடுவில் ஒரு பட்டர் பிஸ்கட். கேஸ்காரன் வருவான் என்றாள். ஊரில் அப்பாவுக்கு மூட்டு வலி என்றான். அவன் சட்டைக் காலரை இவள் சரிசெய்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

ஏழு பத்துக்கு அவள் பஸ் வந்தது. ஏறப்போனவள் திரும்பி வந்து, பையைத் துழாவி, சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் சாவியைப் போன மாதமே தொலைத்துவிட்டானாம். இன்னும் மாற்றுச்சாவி போடவில்லை. அதற்கு இருவரும் சேர்ந்து கடைக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அடுத்த பச்சை வட்டத்துக்கு.