நூலை எவ்வளவு இழுக்கணும்?



நம்ம ஆம்பூர்னு வெளியூர்ல சொன்னா முதல்ல பிரியாணி, அடுத்தது ஷூம்பாங்க. அந்த ஷூவுல ஒரு வகை உண்டு. மேல்பக்கம் வளைவாகக் கைத்தையல் ஓடும், முனையில சின்னச் சின்ன மடிப்பு இருக்கும். இந்தத் தையலை கம்பெனிக்குள்ள மட்டும் போடுறதில்லை. வீட்டு வாசல்ல உட்கார்ந்தும் பெண்கள் தைக்கிறாங்க. எங்க அம்மாவும் அவங்கள்ல ஒருத்தர்.

கூலி ஜோடிக் கணக்கு. போன காலாண்டு லீவுல உதவி பண்றேன்னு நான் தைச்ச 3 ஜோடி திரும்பி வந்துடுச்சு. அம்மா என்னைத் திட்டவே இல்லை. ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தைச்சாங்க. அதுக்குத் தனிக்கூலி கிடையாது. எங்கே தப்பு பண்ணினேன்னு அப்புறம்தான் உட்கார்ந்து கத்துக்கிட்டேன்.

தையல் மிஷின்ல டென்ஷன் திருகு இருக்கும், பார்த்திருப்பீங்க. (பரீட்சை டென்ஷன் இல்லை, நூல் டென்ஷன்!) கைத்தையல்ல திருகு கிடையாது, விரல்தான் எல்லாம். மெழுகு பூசின ஒரே நூலோட இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோர்ப்பாங்க. ஒரே துளையில இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கமா நுழையும். பிறகு இரண்டு கையும் ஒரே நேரத்துல, ஒரே அளவு, பக்கவாட்டுல இழுக்கணும். மேல்பக்கமா தூக்கி இழுத்தா துளை கிழிஞ்சு நீளும். மெழுகு எதுக்குன்னா, இழுத்த நூல் அடுத்த தையல் போடுற வரைக்கும் வழுக்காம அங்கேயே நிற்கணும் இல்லையா, அதுக்குத்தான்.

ஒரு கை மட்டும் அதிகமா இழுத்தா தையல் ஒரு பக்கம் சாய்ஞ்சு கோணலாத் தெரியும். இரண்டு கையுமே அதிகமா இழுத்தா நூல் தோலுக்குள்ள வெட்டி இறங்கும். நல்ல மென்மையான தோல்னா சட்டுனு சுருங்கிடும், அதுக்கு இழுப்பு குறைவாகவே போதும். தளர்வா விட்டாலோ இரண்டு தோலுக்கும் நடுவுல இடைவெளி தெரியும். தளர்ந்த தையலை அப்புறமா இறுக்கிக்கலாம்னு நான் நினைச்சேன். அது முடியாது. அந்த இடம் வரைக்கும் எல்லாத்தையும் பிரிக்கணும்.

ரொம்பக் கஷ்டம் முனைப்பகுதிதான். அங்கே சுற்றுத்தோல் மேல்தோலைவிட நீளம் கூடுதலா இருக்கும். நாம இழுக்கிற இழுப்புலதான் அந்தக் கூடுதல் மடிப்பு மடிப்பா விழுது. இழுப்பு மாறினா மடிப்பும் மாறும். வலது கால் ஷூ ஒரு மாதிரி, இடது கால் வேற மாதிரி ஆயிடும். என்னோட 3 ஜோடியும் திரும்பினது இதனாலதான்.

"எங்கே நிறுத்தணும்னு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன். "நூல் தோல்மேல படிஞ்சு உட்காரும், அதோட விட்டுடு. முக்கி இழுக்காதே"ன்னாங்க. பலம் இருந்தாத்தான் நல்லா தைக்க முடியும்னு நினைச்சிருந்த எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அதனால அறிவியல் சார்கிட்ட கேட்டு ஆய்வகத்துச் சுருள்வில் தராசை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நூல் முனையைக் கொக்கியில கட்டி, ஆளுக்கு 10 தடவை இழுத்துப் பார்த்தோம். அம்மா இழுக்கும்போது முள் ஏறக்குறைய ஒரே கோட்டுகிட்ட வந்து நின்னுச்சு. என்னுடையது ஒரு தடவை பாதியில, ஒரு தடவை அடிவரைக்கும்! கணக்குப் பார்த்தா, அதிகபட்சமா இழுத்தது நான்தான்.

அம்மாவோட சுண்டுவிரல் மடிப்புல நூல் அறுத்த தழும்பு இருக்கு. துணி சுத்திக்கிட்டுத்தான் தைப்பாங்க. கடைசியில 2, 3 தையல் பின்னோக்கிப் போட்டு நூலை வெட்டி முடிப்பாங்க. இந்தத் தையல்ல ஒரு இடம் அறுந்தாலும் மிஷின் தையல் மாதிரி சுலபமா பிரிஞ்சு போகாது. எதிர்ப்பக்கம் ஓடுற நூல் பிடிச்சுக்கும்.

இப்போ நான் துண்டுத் தோல்ல மட்டும்தான் பழகுறேன். தராசை எடுத்து வைக்கும்போது அம்மா முள்ளையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "இதை ஏஜென்ட்டுகிட்ட காட்டினா ஜோடிக்குக் கூலி ஏத்துவாரா?"ன்னு கேட்டுட்டு, அவங்களே சிரிச்சாங்க. மறுநாள் தராசை சார்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன்.