ஓட்டம் நின்ற பின்னும் வளரும் செல்வம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களில் பந்தயக் குதிரையை நேரில் கண்டவர் சிலரே. கறவைப் பசுவை அறியாதவரோ எவருமிலர். 1956-ஆம் ஆண்டு விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும், விடியற்காலையில் பாற்பாத்திரம் ஏந்திக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நடப்போரின் வாழ்வு எல்லையின் இருபுறமும் ஒன்றே. அவர்களுக்குப் பயன்படும் கணக்கு ஒன்றை, இங்கிலாந்தின் குதிரை ஒன்றின் வரலாற்றிலிருந்து இங்கே எடுத்துரைக்கிறோம்.

அக்குதிரையின் பெயர் ஃபிராங்கல். 2008 பிப்ரவரியில் பிறந்தது. தந்தை, 2001-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற கலிலியோ, தாய், கைண்ட். உரிமையாளர் சவூதி இளவரசர் காலித் அப்துல்லா, மறைந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பாபி ஃபிராங்கலின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். நியூமார்க்கெட்டில் அதனைப் பழக்கியவர் ஹென்றி செசில். அவர் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

2010 ஆகஸ்டில் தொடங்கி 2012 அக்டோபர் 20 வரை ஃபிராங்கல் 14 பந்தயங்களில் ஓடியது, பதினான்கிலும் வென்றது. 2011-இல் ‘இரண்டாயிரம் கினி’ பந்தயத்தில் ஆறு குதிரை நீள இடைவெளியிலும், 2012-இல் ஆஸ்காட் திடலின் ‘குயீன் ஆன்’ பந்தயத்தில் பதினொரு குதிரை நீள இடைவெளியிலும் மற்றவற்றைப் பின்தள்ளியது. அதன் இறுதி வெற்றியைக் கண்ட செசில், அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

இனி வருவாயைக் காண்போம். பதினான்கு வெற்றிகளும் ஈட்டிய பரிசுத் தொகை ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. ஓட்டம் நின்றபின் அது பொலிகுதிரை ஆயிற்று. 2013-இல் பெட்டைக் குதிரை ஒன்றுக்கு 1,25,000 பவுண்டாக இருந்த இணைசேர்ப்புக் கட்டணம், 2024-இல் 3,50,000 பவுண்டாக உயர்ந்தது. பந்தய வாழ்வு முழுவதும் ஈட்டியதை ஒன்பது பெட்டைக் குதிரைகளின் கட்டணமே மிஞ்சிவிடும். 2021-இல் டெர்பியை வென்ற அதாயரும், 2022-இல் பாரிஸின் ‘ஆர்க்’ பந்தயத்தை வென்ற ஆல்பினிஸ்டாவும் அதன் வாரிசுகள். பிள்ளைகளின் வெற்றியே தந்தையின் மதிப்பை உயர்த்தியது.

இம்மதிப்புக்கு அடித்தளம் ஏடு. தரோபிரெட் எனப்படும் இவ்வினக் குதிரைகளின் வம்சாவளியை இங்கிலாந்தில் 1791 முதல் நூலாகப் பதிந்து வருகின்றனர். பெற்றோர் இன்னவை எனப் பதிவில்லாத குட்டிக்கு அவ்வினத்தில் இடமில்லை. செயற்கைமுறைக் கருவூட்டலில் பிறந்த குட்டியையும் ஏற்பதில்லை. ஆதலால் ஃபிராங்கலின் மரபு செல்வர் சிலரின் இலாயங்களுக்குள்ளேயே நிற்கிறது.

நம் தொழுவத்தின் கதை வேறு. 1963-இல் இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் கால்நடை மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. கேரளத்தின் நாட்டுப் பசுக்களோடு பிரவுன் சுவிஸ் முதலிய இனங்கள் கலந்து ‘சுனந்தினி’ உருவாயிற்று. தேர்ந்த பொலிகாளையின் விந்து, மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனில் உறைநிலையில் காக்கப்பட்டு, ஒற்றைப் பசு வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்தின் வாசலுக்கும் வருகிறது. குதிரை உலகில் கோடிகள் கொடுத்துப் பெறும் நல்மரபு, இங்கே சினை ஊசியாய் எளியோர்க்கும் கிட்டுகிறது.

வந்த மரபு நிலைப்பதற்கு ஏடு வேண்டும். சினை ஊசி போட்ட நாள், காளையின் எண், கன்று ஈன்ற நாள், கறந்த பாலின் அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், எக்கிடாரியை வளர்ப்பது, எதனை விற்பது என்பது தெளிவாகும். விற்கும் வேளையிலும் அக்குறிப்பேடு விலை பேசும். பசுவின் காதிலுள்ள பன்னிரண்டு இலக்க வில்லையையும் பேணுக. அது விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மாற்று வில்லை இடுவித்து, புதிய எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பசு இறந்த துயரோடு இழப்பீடும் கைநழுவுவது, கடன் பெற்று மாடு வாங்கிய குடும்பத்துக்குப் பேரிடி.

உழவர் கடன் அட்டை இன்று கறவை மாடு வளர்ப்போருக்கும் உண்டு. அதனை நாடி எம் கிளைகளுக்கு வருவோர், பசுவின் குறிப்பேட்டையும் உடன் கொணர்க. கடன் பேசும்போது எமக்கு உதவுவதினும், அது நாளை உங்கள் தொழுவத்தில் பிறக்கும் கன்றுக்கே மிகுதியாக உதவும்.