கரப்பான் காலும் கடுகுச் சத்தமும்

கரப்பான் பூச்சியைப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் மயங்கிவிடும். ஒரு காலை மட்டும் வெட்டித் தக்கைமேல் வைத்து, இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவற்றின் ஒயரைக் கையடக்கப் பெட்டி ஒன்றில் செருக வேண்டும். பிறகு காலில் இருக்கும் முள்ளை ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் போதும். தாளிக்கும் கடுகு மாதிரி ஸ்பீக்கர் படபடவென்று பொரியும். காலில் உள்ள நரம்பணுக்களின் மின்துடிப்பு அது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடிதான் நீடிக்கும்.

பெட்டியின் பெயர் ஸ்பைக்கர்பாக்ஸ். செய்தவர்கள் கிரெக் கேஜ், டிம் மார்சுல்லோ. இருவரும் அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள். ஆய்வகத்தில் இந்த வேலைக்குச் சுமார் 40,000 டாலர் கருவிகள் தேவைப்பட்டன. நூறு டாலருக்குள் முடித்துக் காட்டுவோம் என்று 2008இல் கிளம்பினார்கள். மறு வருடமே ‘பேக்யார்ட் பிரெய்ன்ஸ்’ நிறுவனம் பிறந்தது. கொல்லைப்புற மூளைகள்! நல்ல பெயர்.

சத்தமாகக் கேட்பது புது யோசனை அல்ல. கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் 1920களிலேயே நரம்புத் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டவர். 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் கண்டது இது: தொடுகை பலமானால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது. பாடப்புத்தகத்தில் இதைப் படிக்கும் பிள்ளை மனப்பாடம் செய்யும். பெட்டிமுன் உட்கார்ந்த பிள்ளையோ குச்சியை இன்னும் கொஞ்சம் அழுத்தும், கடுகு நெருக்கமாக வெடிக்கும், விஷயம் முடிந்தது. மூளையின் வண்ணப் படங்களைக் காட்டி வியக்கவைக்கும் நூறு உரைகளைவிட இந்த ஐந்து நிமிடம் மேல் என்பேன்.

பேக்யார்ட் பிரெய்ன்ஸ் செய்த எல்லாமே பாராட்டும்படி இல்லை. மீசையில் மின்கம்பி பொருத்தி, உயிருள்ள கரப்பானைச் செல்போனால் திருப்பும் ‘ரோபோரோச்’ 2013இல் வந்தபோது கண்டனமும் கூடவே வந்தது. எனக்கும் அது உறுத்துகிறது. இளம் கரப்பானுக்குத் தோலுரிக்கையில் வெட்டிய கால் திரும்ப முளைக்கும் என்பதால் முதல் சோதனையில் அவ்வளவு சங்கடம் இல்லை. ஆனால் ரோபோரோச் பாடமா, பொம்மையா?

ஸ்பைக்கர்பாக்ஸின் மின்சுற்று விவரத்தை இருவரும் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. 2012இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். படிக்கக் காசு வேண்டாம். சால்டரிங் தெரிந்த பிளஸ் டூ மாணவர் யாராவது வீட்டில் இருந்தால் காட்டுங்கள். கரப்பானுக்கு நம் சமையலறைகளில் பஞ்சமில்லை.