தேத்தண்ணி வேண்டாமென்று சொல்லும் தாத்தாவும் பாட்டியும்: தெரியுமா?

மாத்தளையில் பஸ் ஏறி, இரத்தோட்டையைத் தாண்டி, ரிவர்ஸ்டன் காற்றில் ஆடி அசைந்து பல்லேகமப் பக்கம் இறங்குங்கள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் வருவது ஒரு கோப்பை பிளேன் டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அந்தக் கோப்பையைக் கும்பிட்டு வேண்டாமென்று சொல்லியே ஆக வேண்டியவர்கள் உலகத்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள், தெரியுமா? அவர்களில் பென்சன் வயதுத் தம்பதிகள் சிலர், வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தக் காசில் கடல் கடந்து ஊழியம் செய்யப் போகிறார்கள், அது தெரியுமா?

மோர்மன்கள் என்று ஊர் சொல்லும். முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது; இன்று தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. 1833இல் அவர்களுக்கு வந்த ஓர் உணவுக் கட்டளைதான் மது, புகையிலை, கோப்பி, தேயிலை நான்கையும் தள்ளி வைத்தது. “ஐஸ் டீ குடிக்கலாமா, பச்சைத் தேயிலை ஆகுமா?” என்று சந்து தேடியவர்களுக்கு 2019இல் சபையின் இளைஞர் பத்திரிகையே பதில் சொல்லிவிட்டது: அதுவும் தேயிலைதான், ஆகாது!

இப்போது மாத்தளை மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். மன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்து வந்த நம் முன்னோர் இந்த மலைகளில் முதலில் வளர்த்தது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகு வந்தது தேயிலை. இரண்டுமே மோர்மன் தம்பதிகளுக்கு விலக்கு! ஆனால் மாத்தளையில் விளையும் கொக்கோவுக்குத் தடையில்லை. சொக்கலேட் பானம் எத்தனை குவளை வேண்டுமானாலும் குடிக்கலாம். கித்துள் கள்ளு கூடாது, அதே மரத்துப் பாணி கூடும். இஞ்சி, கொத்தமல்லி, வில்வப்பூவில் காய்ச்சும் பெலிமல், ஆவாரம்பூவில் காய்ச்சும் ரணவரா எல்லாம் தாராளமாகக் கூடும். பல்லேகமத்து வீட்டுக்காரம்மா பெலிமல் காய்ச்சிக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் மனத்தாங்கல் இல்லை.

சரி, கடல் கடந்த இந்த ஊழியத்துக்கு யார் செலவு? இங்கேதான் தலை சுற்றுகிறது. சம்பளம் கிடையாது. சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, அங்கே கழியும் ஒவ்வொரு மாதச் செலவும் தம்பதியின் சேமிப்பிலிருந்து. பாரம் கூடிப்போகிறதென்று 2011இல் சபை ஒரு வரம்பு போட்டது: வாடகை, மின்சாரம், தண்ணீர், தளபாடம் எல்லாம் சேர்த்து மாதம் 1,400 டாலர் வரை அவர்கள் பொறுப்பு, அதற்கு மேலே போனால் சபை பார்த்துக்கொள்ளும். அதே ஆண்டு இன்னொரு ஏற்பாடு: 6 மாதம், 12 மாதம் என்று குறுகிய காலத்துக்கும் வெளிநாடு போகலாம், ஆனால் விமானச் சீட்டு சொந்தக் கையிருப்பில். வழக்கமான கணக்கு 18 மாதம் அல்லது 23 மாதம்.

நம் வீடுகளிலும் அறுபதைத் தாண்டிய அம்மாவும் அப்பாவும் விமானம் ஏறுகிறார்கள். எங்கே? டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும், பேரப்பிள்ளை பார்க்க! மகளின் பிள்ளைப்பேறு, மருமகளின் வேலை நேரம், ஆறு மாத விசா. மோர்மன் பாட்டியோ பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். எது பெரிய தியாகம் என்று பட்டிமன்றம் வைத்தால் நான் நம் பாட்டிகள் பக்கம்தான் பேசுவேன்; கனடாக் குளிரில் நாலு சுவருக்குள் கிடப்பது லேசா என்ன?

மோர்மன் தம்பதிகள் கடல் கடந்து போய் அப்படி என்னதான் செய்கிறார்கள்? வீடு வீடாகக் கதவு தட்டுவார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? அது பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் வேலை. இந்தப் பெரியவர்களில் பலருக்கு வாய்ப்பது அலுவலகக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வாகனச் சாவிக் கொத்து, விசாக் கடிதம்! வெளியூர் வந்து தனியாகச் சமைத்துத் தின்னும் பையன்கள் தங்கும் வீட்டுக்குப் போய், அடுப்படி எப்படிக் கிடக்கிறது, குளிரூட்டிக்குள் என்ன பூத்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் அவர்கள்தான். வேறு சிலருக்கு நிவாரணப் பொறுப்பு: குடிநீர்த் திட்டம், சக்கர நாற்காலி, பிறந்தவுடன் மூச்சுத் திணறும் சிசுவை மீட்க மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி. ஓய்வு பெற்ற கணக்காளர் மறுபடி கணக்காளர், ஓய்வு பெற்ற தாதி மறுபடி தாதி. பென்சன் எடுத்தும் வேலை விடவில்லை, சம்பளம் மட்டும் நின்றுவிட்டது.

இளம் ஊழியர்களுக்குச் சட்டதிட்டம் கடுமை. காலை 6.30க்கு எழும்ப வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும், கூட்டாளியை விட்டுப் பிரியக் கூடாது. 2019 பெப்ரவரி வரைக்கும் வீட்டோடு பேசவே வருடத்தில் இரண்டு நாள்தான்: நத்தார், அன்னையர் தினம்! அதன் பிறகே வாரம் ஒருமுறை என்றானது. பெரியவர்களுக்கு இந்த நேர அட்டவணை கட்டாயமில்லை. முழங்கால் வலியோடு 6.30க்கு எழுப்ப யாருக்கு மனம் வரும்? கூட்டாளி மட்டும் உண்டு. அது கட்டின மனைவி. நாற்பது வருஷம் காலையில் போய்ப் பொழுதுபடத் திரும்பிய மனிதர் இப்போது நாள் முழுக்கப் பக்கத்திலேயே. அந்தச் சோதனையைப் பற்றி எந்தக் கட்டளையிலும் ஒரு வரி இல்லை! சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப்பட்டி குத்திக்கொண்டால் எழுபது வயதுத் தாத்தாவும் ‘எல்டர்’, பத்தொன்பது வயதுப் பையனும் ‘எல்டர்’.

மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு, தெரியுமா? இரண்டு வேளைக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. மிஞ்சிய சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. ஏகாதசி பிடிக்கும் வீட்டாருக்கும் ரமழான் பிடிக்கும் வீட்டாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இதைவிட வியப்பு ஒன்று: வம்சாவளி! செத்துப்போன பாட்டன் பூட்டனுக்கும் தாங்கள் ஞானஸ்நானச் சடங்கு செய்து வைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பெயர் வேண்டும், தேதி வேண்டும், உலகத்துப் பதிவேடெல்லாம் வேண்டும். 1894இல் இதற்கென்றே யூட்டாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1960களில் சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து ஒரு காப்பறை. சேர்ந்த நுண்படச் சுருள்கள் 24 லட்சம்; அத்தனையையும் கணினிக்கு மாற்றும் வேலை 2021இல் முடிந்தது. தூசி படிந்த ஆவணக் காப்பகங்களில் கமெராவோடு குந்தியிருந்து பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் வேலை பல மூத்த தம்பதிகளுடையது. ஹரித்துவாரத்தில் பண்டாப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த யாத்திரிகர் பேரேடுகளும், கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்தர் காலப் பதிவுகளும் அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. கங்கைக் கரையில் ஒருவர் தாத்தா பெயரைச் சொல்லி எழுதியது அமெரிக்க மலை வயிற்றில்!

மோர்மன்கள் நம் பக்கம் வந்தது நேற்று முந்தாநாள் இல்லை. 1853இலேயே சியாமுக்கென்று அனுப்பப்பட்ட நால்வரில் சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டியூவி என்ற இருவர் இலங்கைக்கு வந்து பார்த்தார்கள். கால் ஊன்ற முடியவில்லை, இந்தியக் கரைக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டு சென்னையில் இறங்கியவர் ரிச்சர்ட் பாலன்டைன்; 1849இல் சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர் அவரே. சென்னையில் ஒரு மாதப் பத்திரிகைகூட அச்சடித்தார். அன்றைக்கு ஆண்கள் மட்டும் கிளம்பினார்கள். மனைவிமார் யூட்டாவில் பண்ணையையும் பிள்ளைகளையும் கட்டி இழுத்தார்கள். தம்பதியாக வந்த கதைக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு: சமோவாவில் பூச்சியியல் நிபுணராக இருந்த எட்வின் தர்மராஜுவும் மனைவி எல்சியும் அங்கே சபையில் சேர்ந்தார்கள், 1978 டிசம்பரில் ஊழியர்களாகத் தம் சொந்த ஊர் ஹைதராபாத்துக்கே அனுப்பப்பட்டார்கள். கேட்க வந்த கூட்டம் யார்? சொந்தக்காரர்கள்! எல்சியின் தந்தை பாப்திஸ்து போதகர். சபையின் வேதநூலான மோர்மன் புஸ்தகத்தைத் தெலுங்காக்கியவர் அவரே. தமிழில் அதன் தெரிவுப் பகுதிகள் 1982இல் வந்தன.

இலங்கையில் வெளிநாட்டு ஊழியர் வேலை லேசானதில்லை. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, 10ஆம் 14ஆம் உறுப்புரைகள் மதச் சுதந்திரம் தருகின்றன. 2004இல் மதமாற்றத் தடை மசோதா ஒன்று கிளம்பிச் சட்டமாகாமலே நின்றது. இந்தச் சூழலில் பிரசங்கியைவிடக் கணக்கெழுதும் தாத்தாவுக்குத்தான் வரவேற்பு என்பது என் எண்ணம்.

வயதான காலத்தில் பெட்டி கட்டுவது என்றால் என்னவென்று பல்லேகமத்தாரிடமே கேட்கலாம். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரே தண்ணீருக்குள் போனது. கடை, பாடசாலை, அரச அலுவலகம் எல்லாம் புதிய லக்கலை நகருக்கு மாறின. அங்கே எந்தத் தாத்தாவும் பதினெட்டு மாதத்தில் திரும்புகிறேன் என்று சொல்லிப் புறப்படவில்லை.

பதினெட்டு மாதம் என்றவுடன் யாழ்ப்பாணத்தார் சிரிக்கக்கூடும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீவை ஸ்போல்டிங்கும் மனைவி மேரியும் 1819இல் பாஸ்டனில் கப்பல் ஏறி, 1820இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். இவர்கள் மோர்மன்கள் அல்லர். அந்தச் சபை அப்போது பிறக்கவே இல்லை! வந்தது இளவயதில், கிழடானது இங்கே. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையை 1833இல் பொறுப்பேற்றார்கள். லீவை தமிழ் அகராதி வேலையில் மூழ்கியிருக்க, விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இலவசமாகக் கொடுத்த அந்தப் பாடசாலையில் தினமும் அடுப்பு எரிந்தாக வேண்டும், அரிசி அளந்தாக வேண்டும். லீவை 1873இல் போனார், அடுத்த ஆண்டு மேரி. அந்த ஐம்பத்து மூன்று வருஷ ஊழியத்தில் எத்தனையோ நாள் வீட்டு வேலைதான்!