பனியில் நடக்கும் நாய்க்குக் காலணி!

நாய்க்குக் காலணியா? கேட்டதும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அலாஸ்காவில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பெரிய நாய் வண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் 8 காலணிகள் இருந்தாக வேண்டும். நான்கு காலுக்கும் போட நான்கு. மாற்றிப் போட இன்னொரு நான்கு. காலணி இல்லாத வண்டி பந்தயத்தில் ஓட முடியாது. இது பந்தயத்தின் விதி!

நாயின் கால் மீது இவ்வளவு அக்கறை ஏன்?

வெள்ளை வெளி

அமெரிக்காவைச் சேர்ந்த மாகாணம் அலாஸ்கா. உலக உருண்டையின் வட கோடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஆறுகள் கல்லாக உறைந்துவிடும். கடலின் மேல்பரப்பும் உறைந்துவிடும். எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று பனி!

ரெயிலும் மோட்டாரும் போகாத அந்த ஊர்களுக்கு, ஒரு காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிதான் வாகனம். சக்கரம் இல்லாத வண்டி அது. தபால், உணவு, மருந்து எல்லாமே அதில்தான் போகும். நாயின் கால் ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் ஓட்டுகிறவன் கதி அதோகதிதான்!

காலுக்குள்ளே ஒரு கணப்பு

ஐஸ் கட்டியைக் கையில் ஒரு நிமிடம் பிடித்தாலே விரல் மரத்துப்போகிறது. நாயோ மணிக்கணக்கில் வெறுங்காலுடன் பனியில் ஓடுகிறது. அதன் கால் ஏன் உறைந்துபோவதில்லை?

ஜப்பானில் உள்ள யமசாகி காகுவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயோஷி நினோமியா என்ற ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்தார். நாயின் பாதத்தை மைக்ராஸ்கோப் மூலம் பார்த்தார். 2011-ம் ஆண்டில் அவருடைய ஆராய்ச்சி வெளிவந்தது.

இதயத்திலிருந்து பாதத்துக்கு வரும் ரத்தம் சூடாக இருக்கும். குளிர்ந்த தரையின் பக்கம் போய்த் திரும்பும் ரத்தம் குளிர்ந்திருக்கும். நாயின் பாதத்தில் இந்த இரண்டு ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே, சூடான ரத்தம் தன் சூட்டில் ஒரு பங்கைத் திரும்பிப் போகும் ரத்தத்துக்குக் கொடுக்கிறது. உடம்புக்குள் போகும் ரத்தம் குளிர் நீங்கிப் போகிறது. சூடு வீணாவதில்லை!

பாதத்தின் அடியில் தடித்த தோல் இருக்கிறது. அதற்குள் கொழுப்பு நிறைந்த மெத்தை இருக்கிறது. இந்தக் கொழுப்பு எளிதில் உறையாது. இயற்கையே நாய்க்குக் காலணி தைத்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

பிறகு தோல் காலணி எதற்கு?

குளிரை அந்தப் பாதம் தாங்கும். ஆனால் குளிரோடு சேர்ந்து வரும் வேறு தொல்லைகளைத் தாங்காது.

முதல் தொல்லை பனி உருண்டை. நாயின் விரல்களுக்கு இடையே ரோமம் இருக்கிறது. ஓடும்போது அதில் பனி ஒட்டிக்கொள்கிறது. பாதத்தின் சூட்டில் அது கொஞ்சம் உருகுகிறது, மறுபடி உறைகிறது. சிறிது நேரத்தில் கூழாங்கல் போல் கெட்டியாகிவிடுகிறது. செருப்புக்குள் கல் புகுந்தால் மனிதன் எப்படி நொண்டுவானோ, அப்படி நாயும் நொண்டுகிறது.

இரண்டாவது தொல்லை கீறல். வெயிலில் உருகி இரவில் மறுபடி உறைந்த பனியின் மேல்பரப்பு, உடைந்த கண்ணாடியைப் போல் கூர்மையாக இருக்கும். அதன் மேல் ஓடினால் பாதத்தின் தோல் கிழிந்துவிடும்.

மூன்றாவது தொல்லை ஈரம். உறைந்த ஆற்றின் பனிக்கட்டிக்கு மேலே சில இடங்களில் தண்ணீர் பொங்கி நிற்கும். நாய் அதில் கால் வைத்துவிட்டால் ஆபத்து. நனைந்த பாதம் சீக்கிரம் உறைந்துவிடும். அனுபவம் உள்ள வண்டியோட்டி உடனே நாய்களை உதிரிப் பனியில் இறக்குவான். உலர்ந்த பனித்தூள், மையொற்றும் தாளைப் போல் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

வட துருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களுக்கு இதெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே தெரியும். பனி கூர்மையாக இருக்கும் பருவத்தில், கடல்நாயின் தோலால் காலணி செய்து நாய்களுக்குக் கட்டினார்கள். அதில் நகங்கள் வெளியே நீட்டிக்கொள்ளத் துளையும் வைத்தார்கள். நகம் ஊன்றினால்தானே நாய் வழுக்காமல் நடக்கும்!

குழந்தைகளைக் காத்த கால்கள்

1925-ம் ஆண்டு ஜனவரி மாதம். அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள நோம் என்ற ஊரில், தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகளைக் கொல்லும் நோய் அது. மூச்சுக் குழலை அடைத்துவிடும்.

ஊரில் இருந்த டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச் என்பவரிடம் நல்ல மருந்து இல்லை. இருந்தது பழைய மருந்து. உதவி கேட்டுத் தந்தி கொடுத்தார்.

கடல் உறைந்து கிடந்ததால் கப்பல் வர முடியாது. நோம் வரை ரெயில் கிடையாது. அந்தக் குளிரில் அன்றைய விமானத்தை நம்பி அனுப்பவும் துணியவில்லை. நெனானா என்ற ஊர் வரை ரெயிலில் மருந்து வந்தது. அங்கிருந்து நோம் 674 மைல் தொலைவு. வழி முழுவதும் பனி!

20 பேர் முன்வந்தார்கள். சுமார் 150 நாய்கள். ஒருவர் ஓட்டி வந்த மருந்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓட்டவேண்டும். ஜனவரி 27-ந் தேதி இரவு ஓட்டம் தொடங்கியது. பிப்ரவரி 2-ந் தேதி விடியற்காலையில் மருந்து நோம் வந்து சேர்ந்தது. வாரக்கணக்கில் போகவேண்டிய தூரத்தை, ஐந்தரை நாளில் நாய்கள் ஓடி முடித்தன!

உறைந்த கடலின் மீது லியோன்ஹார்டு செப்பாலாவின் வண்டியை முன் நின்று இழுத்த நாயின் பெயர் டோகோ. அதற்கு அப்போது வயது 12. நாய்க்கு அது கிழப்பருவம். கடைசி வண்டியை இழுத்து ஊருக்குள் வந்த நாய் பால்டோ. அந்த ஆண்டே நியூயார்க்கில் உள்ள சென்டிரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள்.

ஒரு முயல் தோல்

அந்த 20 பேரில் சார்லி எவான்ஸ் என்பவரும் ஒருவர். அவர் ஓட்டிய நேரத்தில், பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிக்கு மேல் குளிர். முன்னால் ஓடிய இரண்டு நாய்களும் குட்டை ரோமம் கொண்டவை.

இப்படிப்பட்ட நாய்களுக்கு, தொடை சேரும் இடத்தில் ரோமம் குறைவு. அங்கே முயல் தோலைக் கட்டி மறைப்பது வழக்கம். புறப்பட்ட அவசரத்தில் எவான்ஸ் அதை மறந்துவிட்டார். வழியில் இரண்டு நாய்களும் குளிரால் சுருண்டு விழுந்தன. இரண்டுமே இறந்துபோயின.

குழந்தைகளைக் காக்கப் போன ஓட்டம் அது. அதில் ஒரு சிறு தோல் துண்டு இல்லாததால் இரண்டு உயிர்கள் போயின. எந்த நாயும் எல்லாக் குளிரையும் தாங்கும் என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாற்பத்தெட்டுக் கால்கள்

அலாஸ்காவின் பந்தயத்துக்கு இடிடராட் என்று பெயர். 1973-ம் ஆண்டு முதல் நோம் நகரை நோக்கி நடக்கிறது. ஏறக்குறைய 1,000 மைல் ஓட்டம்.

இப்போது காலணிகள் கெட்டி நைலான் துணியால் செய்யப்படுகின்றன. பார்ப்பதற்குச் சிறு பை போல் இருக்கும். கணுக்காலுக்கு மேல் ஒட்டும் பட்டையால் கட்டுவார்கள். வண்டியில் 12 நாய்கள் இருந்தால் 48 கால்கள். ஒவ்வொரு காலையும் தூக்கி, விரல்களுக்கு நடுவே பார்த்து, களிம்பு தடவிக் காலணி மாட்ட வேண்டும். தடித்த கையுறையுடன் இந்த வேலை நடக்காது. அந்தக் குளிரில் வெறுங்கையால்தான் செய்யவேண்டும்!

தங்கும் இடம் வந்ததும் காலணிகளைக் கழற்றிவிடுவார்கள். பட்டை இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும். பிறகு வைக்கோல் பரப்பி நாய்களைப் படுக்கவைப்பார்கள். பந்தய நாய் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 10,000 கலோரி சத்துள்ள உணவு தேவை. வளர்ந்த மனிதனுக்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்கு! நாய்களுக்குத் தீனி போட்ட பிறகே வண்டியோட்டி தன் சாப்பாட்டைப் பார்ப்பான்.

இந்தப் பந்தயமே கூடாது என்று சொல்லும் பிராணி நேசர்களும் உண்டு. ஓட்டத்தில் நாய்கள் இறந்திருக்கின்றன என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பந்தயம் வேண்டும் என்பவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள்: நாயின் காலைக் கவனிக்காதவனுக்கு வண்டி ஓட்டும் தகுதி இல்லை.

நகரத்தில் உப்பு

அலாஸ்கா நாய்க்கு எதிரி பனி. நகரத்து நாய்க்கு எதிரி, பனியை உருக்க மனிதன் தூவும் உப்பு!

நியூயார்க், சிக்காகோ, மாண்ட்ரீல் போன்ற நகரங்களில் பனி பெய்தால் சாலை வழுக்கும். உப்பு கலந்த தண்ணீர் எளிதில் உறையாது. ஆகவே சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். மோட்டார்களுக்கு அது நல்லது. நாய்க்கோ பாதத்தின் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பில் உப்புப் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது. வலிக்கும் காலை நாய் நக்குகிறது. உப்பு வயிற்றுக்குள் போகிறது. வாந்தியும் பேதியும் உண்டாகின்றன.

இதைவிடக் கொடியது இன்னொன்று. குளிரில் மோட்டாரின் தண்ணீர் உறையாமல் இருக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். அதில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் உண்டு. அது இனிக்கும்! தெருவில் சிந்தியதை நாய் ருசி பார்த்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. உடனே மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும்.

என்ன செய்யவேண்டும்?

பனி நாட்டில் நாய் வளர்ப்பவர்கள் செய்யவேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. தினமும் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

விரல்களுக்கு இடையே வளரும் ரோமத்தைப் பாதத்தின் மட்டத்துக்குக் கத்தரித்துவிட வேண்டும். பனி ஒட்டுவது குறையும்.

வெளியே போகுமுன் பாதத்தில் வாசலின் தடவலாம். காலணி போடுவது இன்னும் நல்லது. முதல் நாள் காலணி போட்டதும், நாய் கால்களைத் தூக்கித் தூக்கிக் கூத்தாடும். வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் போட்டுப் பழக்கினால் சரியாகிவிடும்.

வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு கால்களையும் கழுவ வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் உப்பையும் விஷத்தையும் சேர்த்தே போக்கிவிடும்.

குட்டி நாய், கிழ நாய், குட்டை ரோமம் உள்ள நாய் ஆகியவற்றுக்கு மேல் சட்டை அவசியம். நாய் வெளியே கொட்டகையில் படுத்தால் கம்பளியைவிட வைக்கோலே சிறந்தது. கம்பளி ஈரமானால் உறைந்துவிடும். குடிக்கும் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காது நுனி, வால் நுனி, விரல் ஆகியவை வெளுத்துச் சில்லிட்டிருந்தால் சதை உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. நெருப்பிலும் காட்டக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் மெல்லச் சூடேற்றி, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

கால் பேசும்

நாய்க்கு வாய் பேச வராது. ஆனால் அதன் கால் பேசும். நடந்துகொண்டே இருக்கும் நாய் ஒரு காலைத் தூக்கி நிற்கிறதா? பிறகு அடுத்த காலைத் தூக்குகிறதா? நடுங்குகிறதா? மேலே போக மறுத்து வீட்டுப் பக்கம் திரும்புகிறதா? போதும், என்னை அழைத்துப் போ என்று அது கெஞ்சுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 2017-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தண்ணீர் உறையும் அளவுக்கு, அதாவது பாரன்ஹீட் 32 டிகிரிக்குக் கீழே குளிர் போனால், நாயை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே கட்டிப்போடக் கூடாது. மீறினால் குற்றம்.

சட்டம் எல்லா வீட்டு வாசலுக்கும் வந்து பார்க்க முடியாது. நாயின் காலைத் தூக்கிப் பார்க்கிற கை வீட்டில்தான் இருக்கவேண்டும். தன் வண்டியை இழுக்கவும், தன் வீட்டைக் காக்கவும், தன் உப்புச் சாலையில் நடக்கவும் நாயை அழைத்தவன் மனிதன். இயற்கை கொடுத்த காலணி எங்கே போதவில்லையோ, அங்கே மீதியைக் கொடுக்கவேண்டியது அவன் கடமை!