கரீபியனில் தீவு தீவாகப் பாய்மரப் படகில் போகிறார்கள்... மன்னார் வளைகுடாவில் ஏன் முடியாது?

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மொபைலைத் திறந்தால், அந்த ரீல்ஸ் கண்ணில் படாமல் போகாது. கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், வெள்ளைப் பாய், காலையில் ஒரு தீவு, சாயங்காலம் இன்னொரு தீவு. கரீபியன் கடல் அது. பார்ப்பவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி: நம்ம தமிழ்நாட்டிலும் இப்படிப் போக முடியாதா?

நியாயமான கேள்விதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள் இருந்தன. 'இருந்தன' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கரீபியனில் எப்படி முடிகிறது?

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே முக்கியமானது காற்று. கிரனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா போன்ற தீவுகள் வடக்கு தெற்காக வரிசையில் நிற்கின்றன. டிசம்பர் முதல் மே வரை, பள்ளிப் பாடத்தில் படித்த அதே வியாபாரக் காற்று, கிழக்கிலிருந்து விடாமல் வீசுகிறது. அதாவது படகுக்குப் பக்கவாட்டில் காற்று. பாய்மரப் படகுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

செயின்ட் வின்சென்ட்டில் இருந்து பெக்வே தீவு சுமார் 17 கிலோமீட்டர். கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சைக்கிள் வேகம். இரண்டு மணி நேரத்தில் அடுத்த துறைமுகம். ஆனால் நாடு மாறினால் மஞ்சள் கொடி ஏற்றி, சுங்கம், குடியேற்றத் துறை அலுவலகங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் ஊர் சுற்ற முடியும். ரீல்ஸில் இந்த வரிசையை யாரும் காட்டுவதில்லை. ஜூன் வந்துவிட்டால் புயல் சீசன் வேறு. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அங்குள்ள யூனியன் தீவை உருக்குலைத்துப் போட்டது.

பரிசலுக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன வித்தியாசம்?

ஒகேனக்கல் பரிசலில் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பரிசல் வட்டமானது, அடி தட்டை. காற்றடித்தால் சுழலும், காற்று போகிற பக்கமே போகும். பாய்மரப் படகின் அடியில் 'கீல்' என்ற கனமான தகடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதுதான் படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் எதிர்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேற முடிகிறது. ரீல்ஸில் வரும் பெரிய படகுகளில் இந்தக் கீல் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கூட இறங்கும்.

மன்னார் வளைகுடாவில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தீவுகளைச் சுற்றிப் பல இடங்களில் ஆளுயரத் தண்ணீரிலேயே பவளப்பாறை இருக்கிறது. கீல் உரசினாலும் உடையும், நங்கூரம் விழுந்தாலும் உடையும். பவளம் கல் மாதிரி தெரிந்தாலும் உயிருள்ள பிராணி. வளர்வதோ மிக மெதுவாக.

ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இந்தப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனதும் தீவே கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகளும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவும் காரைச்சல்லியும் சுருங்கி வருகின்றன. வான் தீவைக் காப்பாற்ற, கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

1986-ல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே படகைக் கட்டுவதோ இறங்குவதோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரீபியனிலும் எல்லாம் திறந்துகிடக்கவில்லை. டொபேகோ கேஸ் கடல் பூங்காவில் கட்டணம் கட்ட வேண்டும். நங்கூரத்துக்குப் பதிலாகப் படகைக் கட்டிப்போட அங்கே மிதவைகள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் மிச்சமிருப்பது 19 தீவுகள். அந்த நிலையில் வனத்துறை கறாராக இருப்பதைத் தப்பு சொல்ல முடியாது.

இன்னொன்று, எல்லை. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இன்ஜின் பழுதாகி எல்லை தாண்டிய மீனவர்களே கைதாகிற கடல் இது. காற்றை மட்டும் நம்பி வரும் வெளியூர்க்காரரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

தமிழர்களுக்குப் பாய் புதுசா என்ன? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி இது. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கின்றன. ஏன், கரீபியனுக்கே தமிழர்கள் பாய்மரக் கப்பலில்தான் போனார்கள், ஆனால் சுற்றுலாவாக அல்ல. புதுச்சேரியில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ஒரேலி' கப்பல் 1853 மே மாதம் மார்டினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப்பை. மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் இருக்கிறது.

சரி, ஆசைப்பட்டவர் என்ன செய்யலாம்?

பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் சென்னை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். கடலே இல்லாத ஊரில் பிறந்தால் முடியாதோ என்ற கவலையும் வேண்டாம். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் படகு ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர்.

தீவைப் பார்த்தால் போதும் என்றால் பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. ஓசூரில் இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். காற்று பலமாக இருந்தால் சவாரியை நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அந்தப் படகு இன்ஜின் படகுதான், பாய் கிடையாது.