நாலு பிளேயரும் ஒரு பூஜ்யமும்

1997 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த ‘தி ஃப்ளேமிங் லிப்ஸ்’ குழு ‘ஸைரீக்கா’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. எட்டே பாடல்கள், ஆனால் நாலு சிடிக்கள். ஒவ்வொரு பாட்டும் நாலாகப் பிரிந்து நாலிலும் இருந்தது. முழுப் பாட்டும் காதில் விழ வேண்டுமென்றால் ஒரே அறையில் நாலு பிளேயர்களை வைத்து, ஒரே நொடியில் ஓடவிட வேண்டும்.

அமெரிக்க இசை விமர்சன இதழான பிட்ச்ஃபோர்க் இதற்குப் பத்துக்கு 0.0 கொடுத்தது. நாலு ஸ்டீரியோவுக்கு எங்கே போவது என்பதுதான் விமர்சகரின் பெரிய புகார். காசு கொடுத்து வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பூஜ்யம் இசைக்கு விழுந்தது. கேட்க வசதியில்லை என்பது ஒரு பாட்டின் ராகத்தையோ தாளத்தையோ பற்றி எதையுமே சொல்வதில்லை.

இந்த விபரீத யோசனை ஒரே நாளில் முளைத்ததல்ல. 1996-இல் கிட்டார் கலைஞர் ரொனால்ட் ஜோன்ஸ் விலகியபின், பாடகர் வெய்ன் கோய்ன் கார் நிறுத்துமிடங்களில் ஆட்களைத் திரட்டினார். ஆளுக்கொரு கேசட்டைக் கொடுத்து, அத்தனை கார் ஸ்டீரியோக்களையும் ஒன்றாக முழங்கவிட்டார். அந்தச் சோதனையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்ததுதான் ‘ஸைரீக்கா’.

நாலு பேர் நாலு மூலையில் பட்டனில் விரல் வைத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி அழுத்தினாலும் நூலிழை பிசகும். எந்த இரண்டு பிளேயரும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாட்டு நீள நீள அந்த இடைவெளியும் வளரும். டிரம்ஸ் ஓசை ஒரு மூலையில் விழுந்து, அடுத்த மூலையில் கொஞ்சம் தாமதமாக எதிரொலிக்கும். நேற்று கேட்ட அதே பாட்டு இன்று கிடைக்காது. ஒரு பாட்டில் கோய்ன் தன் நாய்களைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே போவார். கடைசியில் அறையின் எல்லாப் பக்கமிருந்தும் நாய்கள் குரைக்கும். கேட்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார். கூட்டம் சேர்ந்தால்தான் இந்த அனுபவம் முழுமையாகும். தனியறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து மதிப்பெண் போடும் வழக்கத்துக்குள் இது எப்படி அடங்கும்? விமர்சகர் நாலு நண்பர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதுவும் அவர் வேலையில் சேர்ந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து நடந்தது தெரிந்த கதை. ஏறக்குறைய அதே காலத்து ஒலிப்பதிவுகளிலிருந்து உருவான ‘தி சாஃப்ட் புல்லட்டின்’ 1999-இல் வந்தது. அதே பிட்ச்ஃபோர்க் அதற்கு 10.0 கொடுத்தது. ஒரு சிடி, ஒரு பிளேயர், கேட்பதில் சிரமமே இல்லை. பின்னாளில் அந்த இதழுக்குத் தலைமை ஆசிரியரான மார்க் ரிச்சர்ட்சன், ‘ஸைரீக்கா’ பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். பூஜ்யத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது.

நாலையும் ஒன்றாகக் கலந்து ஒரே பதிவாக்கி ரசிகர்கள் கேட்பதும் உண்டு. மெட்டு கிடைக்கும், அறை கிடைக்காது. அதைக் கேட்டுவிட்டு எழுதும் விமர்சனமும் அரைகுறைதான். 2013-இல் ஆல்பம் வினைல் இசைத்தட்டாக வந்தபோதும் குழு இறங்கி வரவில்லை. அப்போதும் நாலு தட்டுகள்தான். நாலு டர்ன்டேபிள் வைத்துத்தான் கேட்க வேண்டும்.